ஒரே சட்டிச் சோறு

லூசியானாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். நேற்றுப் பக்கத்து வீட்டு அம்மா கேஜன் சோறு செய்யக் கற்றுக்கொடுத்தார். மாட்டுக் கொத்துக்கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதக்கி, அரிசியும் தண்ணீரும் சேர்த்து மூட வேண்டியதுதான். எல்லாம் ஒரே சட்டி. 1755 தொடங்கி, இன்றைய கனடாவின் அகேடியாவிலிருந்து ஆங்கிலேயர் துரத்திய பிரெஞ்சுக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் கேஜன்கள்.

சாப்பிடும்போது, ஐந்தாம் வகுப்பில் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்து இதே கறியைச் சாப்பிட்ட பையன் நினைவுக்கு வந்தான். மற்ற பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அவர்களைக் கண்டிக்காமல், "நீ தள்ளி உட்காருப்பா" என்று அவனிடம் சொன்னவள் நான்தான்.

தம்பி, இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. ஊருக்கு வந்ததும் சமைக்கிறேன். வீட்டுக்கு வா, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.