இரண்டு ரெக்கார்டு நோட்டு

கணினி அறிவியல் முதலாண்டுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறேன். செமஸ்டர் முடியும் நேரத்தில் என் வகுப்பின் கடைசி பெஞ்சுகளில் சி மொழி லேபின் ரெக்கார்டு நோட்டுகள் விரிந்து கிடக்கும். ஒருத்தியிடம் இரண்டு நோட்டு. மற்றது யாருடையது என்றேன். “அவனுக்குக் கையெழுத்து சரியா வராதும்மா” என்று ஒரு பையனைக் காட்டினாள். கையெழுத்து வராதவனுக்கு வைவாவில் வாய் நன்றாக வருகிறதாம். இவள் எழுதிய புரோகிராமை அவன் ஆங்கிலத்தில் விளக்கி மதிப்பெண் வாங்குகிறான். இவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

1946 பிப்ரவரியில் எனியாக் கணினியைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஊரறிய இயக்கிக் காட்டினார்கள். அன்று ஓடிய எறிகணைக் கணக்குக்கு நிரல் அமைத்தவர்கள் ஜீன் பார்ட்டிக், பெட்டி ஹோல்பர்ட்டன் என்ற இரு பெண்கள். அன்றிரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை.

அவள் நோட்டைப் புரட்டினேன். தமிழ்க்காரிக்கு நிறுத்தக்குறிதானே முதலில் கண்ணில் படும்? மற்ற வரிகளின் முடிவில் அரைப்புள்ளி இருக்கிறது, ‘ஃபார்’ வரிக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன்.

“வெச்சா லூப் அங்கேயே முடிஞ்சிரும்மா. பத்துத் தடவை சும்மா சுத்திட்டு, கீழ இருக்கிற பிரிண்ட் ஒரே ஒரு தடவைதான் வரும்.”

மடமடவென்று சொன்னாள். விரல்களைப் பார்க்கவில்லை.

வைவாவைத் தமிழிலும் கேட்கலாமே என்று அந்தத் துறைத்தலைவரிடம் சொன்னேன். தேர்வாளர் வெளியிலிருந்து வருகிறவர், நாம் எப்படிச் சொல்வது என்றார். வருகிறவர் பக்கத்து ஊர்க் கல்லூரிக்காரர்தான்.