காலடியில் இருக்கும் கிராமம்

சொந்த ஊர் எது என்று தியாகராய நகரில் யாரைக் கேட்டாலும் தஞ்சாவூர், திருநெல்வேலி, விழுப்புரம் என்றுதான் பதில் வரும். அங்கே குலதெய்வம் இருக்கும், பாட்டனார் வெட்டிய கிணறு இருக்கும். குடியிருக்கும் மண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் நம்மிடம் பதில் இருக்காது. பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்துவரும் முதியவன் என்ற முறையில், இந்த இடத்தின் கதையை இளையவர்களிடம் ஒப்படைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு இது மாம்பலம் என்ற சிற்றூரும் அதன் ஏரியும்தான். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை, பிறை வடிவில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த நீர்ப்பரப்பு கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். கிழக்கே மவுண்ட் ரோடு, மேற்கே மாம்பலம் கிராமம். பட்டணத்தின் மேற்கு எல்லையே அந்த ஏரிதான்.

சென்னை அடங்கிய தொண்டை மண்டலத்தில் வற்றாத ஆறு கிடையாது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களில் பிழைப்பு. அதற்காக முன்னோர்கள் தாழ்ந்த பக்கம் கரை போட்டு ஏரி அமைத்தார்கள். பாசனத்துக்கு மதகு வைத்தார்கள். மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கலங்கல் கட்டினார்கள். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும். கரை உடையாமல் பார்ப்பதும் மதகைத் திறந்து மூடுவதும் நீர்க்கட்டியின் வேலை. வரத்துக்கால்வாயில் மண் மூடினால் ஊரே கூடி வெட்டும், அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வயலுக்கு யார் முதலில் பாய்ச்சுவது என்று சண்டை வரலாம். ஆனால் தண்ணீர் எந்த வழியில் வரும், எந்த வழியில் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பட்டணம் பெருகியது. ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது. 1920-ல் சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் ஏரியை வடித்து, மனை பிரித்து, மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலம் அது. 1925-ல் காலமான அக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் நகருக்கு அமைந்தது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் நடுவே ஒரு பூங்கா, அதைச் சுற்றி விரியும் சாலைகள். உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா என்று அக்கட்சித் தலைவர்களின் பெயர்களே தெருவெங்கும் நிலைத்தன. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் எல்லோருக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது. ஏரியின் வடபகுதியில் மிச்சமிருந்ததும் பிறகு படிப்படியாகத் தூர்ந்து, 1976-ல் அங்கே வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

அன்று திட்டம் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அகலமான சாலை, பூங்கா, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய மனை என்று அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அந்த மனைகளில்தான் நாம் பிள்ளைகளை வளர்த்தோம், படிக்க வைத்தோம். ஆனால் ஏரியை வடித்தவர்களால் பள்ளத்தை வடிக்க முடியவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரி தெரியாத ‘லேக் வியூ’ சாலையும், நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலையும் இன்றும் இருக்கின்றன. பழைய ஏரியின் தண்ணீருக்கு இப்போது மிஞ்சிய வழி மாம்பலம் கால்வாய்தான். வள்ளுவர் கோட்டத்துப் பக்கமிருந்து ஜி.என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை வழியாக நந்தனம் சென்று அடையாற்றில் சேர்கிறது. அதை நாம் குறுக்கினோம், மேலே மூடினோம், குப்பையைக் கொட்டினோம்.

2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரைப் பார்த்து, எங்கிருந்தோ வந்த எதிரியைத் திட்டுவதுபோல் மழையைத் திட்டினோம். அந்தத் தண்ணீருக்கு வழி தெரிந்திருந்தது. நமக்குத்தான் அதன் வழி மறந்துபோயிருந்தது.

என் வயதில் ஒன்று விளங்குகிறது. ஓர் இடத்தில் குடியேற உரிமை உண்டு. அந்த இடத்தை அறிந்துகொள்ளும் கடமையும் கூடவே உண்டு. பத்திரம் பதிவானால் மனை நமதாகிவிடும். அதன் மேடும் பள்ளமும் பத்திரத்துக்குக் கட்டுப்படா. மாம்பலத்து விவசாயி எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குத் தன் ஊரின் சரிவு தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் ஆறுகள் தெரியும், தெருக்கோடியில் ஓடும் கால்வாய் எங்கே போகிறது என்று தெரியாது. இதை அறியாமல் படிப்பு நிறைவுபெறாது.

வீடு வாங்கப் போகும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். சமையலறை எந்தத் திசை என்று பார்ப்பதற்கு முன், தரை எந்தத் திசையில் சரிகிறது என்று பாருங்கள். பழைய கிராமக் கணக்கில் அந்த நிலம் நத்தமா, நஞ்சையா, ஏரியா என்று விசாரியுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய ஆவணங்களைக் காத்து வைத்திருக்கிறார்கள். தெருவில் மூத்தவர்கள் இருந்தால் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. வாசலில் இருக்கும் மழைநீர் வடிகாலின் வாயை ஐப்பசி பிறக்கும் முன் சுத்தம் செய்யுங்கள். வீட்டு முற்றம் முழுவதையும் சிமெண்டால் பூசாமல் ஒரு பங்கு மண்ணை விட்டுவையுங்கள். மாடி மழைநீரைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ இறக்குங்கள். அடுக்குமாடியில் நாற்பது குடும்பங்கள் இருந்தால் அதுவும் ஒரு கிராமம்தான். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி இந்த வேலையைச் செய்தால், குடிமராமத்து இந்த மண்ணுக்குத் திரும்பிவிடும்.