தந்தையின் மூன்று எழுத்துகள்

அயல்நாட்டில் வாழச் செல்பவருக்கு முதலில் வேண்டுவது அந்நாட்டு மொழி என்றே நாம் எண்ணுகிறோம். இத்தாலியைப் பொறுத்தவரை மொழி இரண்டாவதுதான். முதலாவது, ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ எனப்படும் வரி அடையாள எண். 1973-இல் அந்நாட்டு அரசு ஏற்படுத்திய இவ்வெண் இன்றி ஊதியம் பெறுதலும், வீட்டு வாடகை ஒப்பந்தமும், வங்கிக் கணக்கும், அரசு மருத்துவப் பதிவும் அங்கே நடவா. வருமானமே இல்லாத மாணவருக்கும் இது வேண்டும். இறையியல் பயில உரோமைக்குச் சென்ற நாள்களில் நானும் இதற்காக வரிசையில் நின்றவன்.

அண்மையில் என் பங்கைச் சேர்ந்த தாயும் மகளும் ஒரு கட்டுத் தாள்களோடு வந்தனர். தாய், திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லர். பின்னலாடைத் தொழில்நுட்பம் படித்த மகளுக்கு மிலான் நகரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை வங்கியில் வந்து சேர அந்த எண் வேண்டும். அதைப் பெற்றுத் தர முகவர் ஒருவர் பெருந்தொகை கேட்டாராம். அரசு அதற்குக் கட்டணமே வாங்குவதில்லை. இங்குள்ள இத்தாலியத் துணைத்தூதரகம் வழியாகவோ, அங்கே சென்றபின் வரி அலுவலகத்திலோ பெறலாம் என்றேன். கணினி மையத்தில் கணக்கிட்டுத் தந்த ஓர் எண்ணையும் மகள் காட்டினாள். இருவருக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் வரி அலுவலகம் இலக்கங்களை எழுத்துகளாக மாற்றித் தருவதுண்டு. ஆகவே அலுவலகம் வழங்கியதே செல்லும்.

அவ்வெண்ணில் பதினாறு இடங்கள். குடும்பப்பெயரின் மெய்யெழுத்துகள் மூன்று. சொந்தப் பெயரிலிருந்து மூன்று. பிறந்த ஆண்டு, மாதம், நாள். பெண்ணாயின் நாளோடு நாற்பதைக் கூட்டுவர். 12-ஆம் நாள் பிறந்தவள் 52 ஆவாள். (இந்தக் கணக்கில் மட்டும் பெண்ணுக்கு மிகுதி!) அடுத்து, பிறந்த நாட்டைக் குறிக்கும் நான்கு இடங்கள், இந்தியாவுக்கு ‘இசட் 222’. இறுதியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து.

குடும்பப்பெயர் என்பதே தமிழரிடம் வழக்கில் இல்லை. தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக எழுதிவிடுகிறோம். நம் பான் எண்ணின் ஐந்தாம் எழுத்தும் அப்படித்தான் அமைகிறது.

தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்போ முதல் மூணெழுத்தும் அவரு பேருதானுங்களா, சாமி?”

குழந்தைக்கு மூன்று வயதாகும்போது வீட்டைவிட்டுப் போனவர் அவர். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. ஆம் என்றேன்.

“கல்யாணம் ஆனா மாறுமுங்களா?”

இத்தாலியில் மணமான பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயரே எண்ணில் நிற்கும். 2016 இறுதியிலிருந்து நம் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோருள் ஒருவர் பெயர் போதும் என்றாயிற்று. ஆனால் இவளது குடும்பப்பெயரோ பள்ளிச் சான்றிதழிலிருந்தே தொடர்ந்து வருவது. அரசிதழில் அறிவித்து மாற்றலாம். பிறகு எல்லாத் தாள்களையும் மாற்ற வேண்டும். படிப்புத் தொடங்கும் நாளோ காத்திராது.

“அம்மா பேரு எங்கயும் வராதுங்களா, ஃபாதர்?” என்றாள் மகள்.

பதினாறில் தாய்க்கென ஓர் இடமும் இல்லை. எனக்கு அது நெருடியது. தாய்க்கு நெருடியதாகத் தெரியவில்லை. “திருப்பி அனுப்பாம இருந்தாச் சரிங்க” என்று சொல்லித் தாள்களை என் பக்கம் நகர்த்தினார்.

ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் வேறொரு சிக்கல் தெரிந்தது. அந்தோணிசாமி என்பதை ஆங்கிலத்தில் ‘எச்’ இன்றி எழுதினால் மெய்கள் ‘என், டி, என்’. ‘எச்’ சேர்த்தால் ‘என், டி, எச்’. அலுவலகத்திற்கு அவர்கள் இரு வேறு மனிதர். இவள் தந்தையின் பெயரும் அவ்வாறே கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும், சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தது. பல்கலைக்கழகம் சான்றிதழைப் பார்த்தே சேர்க்கைக் கடிதம் தந்திருந்தது. கடவுச்சீட்டில் உள்ளபடி திருத்தித் தருமாறு அங்கேயே அமர்ந்து மகள் ஒரு மடல் எழுதினாள். எழுத்துகளை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாய் கடவுச்சீட்டை விரித்துப் பிடித்திருந்தார். திருத்திய கடிதம் வந்த பின்னரே எண்ணுக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்கள்.