வால் சொன்ன சேதி

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நடந்து வரும்போது காலிலிருந்து செருப்பு கழன்று பின்தங்கிவிடுகிறது. கழன்றது அவருக்கே தெரியவில்லை. நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "வயசாகிவிட்டது, கவனமில்லை" என்றுதான் நானும் நினைத்தேன். அதோடு விட்டேனா? "செருப்பை இப்படி இழுத்து இழுத்து நடந்தால் தேய்ந்துவிடாதா, அத்தை?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். மாமியாரிடம் மருமகள் பேசுகிற பேச்சா அது? அவர் ஒன்றும் சொல்லவில்லை. கழன்ற இடது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனார்.

ஆறு மாதம் கழித்து, ஒருநாள் காலையில் அந்த இடது கால் தானாகவே வெட்டி வெட்டி இழுத்தது. பதறிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் காலைச் சோதித்துவிட்டு, தலையை எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார். "கோளாறு காலில், படம் தலைக்கா?" என்றார் அத்தை. எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

இந்தப் படம் எக்ஸ்ரே அல்ல. ஒரு பெரிய காந்தக் குழாய்க்குள் நம்மைப் படுக்க வைக்கிறார்கள். உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் சீண்டினால் அவை எதிர்க்குரல் கொடுக்கின்றன. அதைக் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. இதற்கு வழி கண்ட பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

காந்தத்தின் அருகே நகை கூடாதாம். அத்தைக்கு மாங்கல்யத்தைக் கழற்ற மனம் வரவில்லை. "நான் இங்கேதானே நிற்கிறேன், கழற்று!" என்று மாமா அதட்டிய பிறகு, மஞ்சள் சரடு ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மாலையில் கவர் வந்தது. பிரிக்காமல் இருந்திருக்கலாம்; பிரித்தேன். நீள நீளமான பெயர்களுக்கு நடுவே எனக்குப் புரிந்தது 'டியூமர்' என்ற ஒரே வார்த்தைதான். அன்றிரவு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வாசலில் கிடந்த அந்த இடது செருப்புத்தான் கண் முன்னால் நின்றது.

மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "கட்டி எல்லாம் ஒரே ஜாதி இல்லை, அம்மா. முகஜாடையைப் பார்த்து ஓரளவு ஆளைச் சொல்லிவிடலாம்" என்றார். முதலில் பார்க்க வேண்டியது, கட்டி மூளைக்குள்ளேயே முளைத்ததா, வெளியிலிருந்து அழுத்துகிறதா என்பது. அத்தையின் படத்தில் கட்டிக்கும் மூளைக்கும் நடுவே நீர்க்கோடு ஒன்று மெல்லியதாகத் தெரிந்தது. ஆகவே, அது வெளியே இருப்பது. நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த படத்தில் கட்டி முழுவதும் ஒரே சீராகப் பளிச்சென்றிருந்தது. அதன் ஓரத்தில், மூளையின் மேலுறையை ஒட்டி, எலிவால் போல ஒரு வெள்ளைக் கீற்று!

"இந்த வாலைப் பார்த்தீர்களா? உறையிலிருந்து வளரும் மெனிஞ்ஜியோமாவுக்கு இது நல்ல அடையாளம். பெரும்பாலும் சாதுவான கட்டி. பெண்களுக்குத்தான் அதிகம், ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு" என்றார். கட்டி இருந்தது வலப்பக்க உச்சியில், நடுக்கோட்டை ஒட்டி. இடது காலை ஆட்டிவைக்கும் இடம் அதுதான். செருப்பு ஏன் கழன்றது என்று அப்போதுதான் புரிந்தது.

மற்ற ஜாடைகளையும் கேட்டேன். காது நரம்பில் வரும் கட்டி, எலும்புத் துவாரத்துக்குள் நுழைந்து கோன் ஐஸ்கிரீம் போலத் தெரியுமாம். பிட்யூட்டரியில் பெரிதாக வளர்ந்தால் இடை சிறுத்த பொம்மை போல இருக்குமாம். கிளையோபிளாஸ்டோமா என்ற பொல்லாதது, நடுவில் கறுத்து ஓரத்தில் வளையமாக மின்னும். சில சமயம் மூளையின் இரு பாதிகளிலும் வண்ணத்துப்பூச்சியாகச் சிறகு விரிக்கும்.

"அப்படியானால் பயமில்லையே?" என்றேன். டாக்டர் அவசரப்படவில்லை. "வால் சத்தியம் செய்து கொடுக்காது. வேறிடத்துப் புற்றுநோய் உறையில் வந்து ஒட்டினாலும் வால் தெரியலாம். கட்டியை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் தீர்ப்பு."

ஆபரேஷன் நடந்தது. தீர்ப்புக்குக் காத்திருந்த அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. முடிவு வந்தது: மெனிஞ்ஜியோமா, முதல் தரம். மூன்று தரங்களில் சாதுவானது அதுதான்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டே விஷயம். கவரைப் பிரித்து ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அழாதீர்கள். எங்கே இருக்கிறது, என்ன ஜாடை என்று டாக்டரைக் கேளுங்கள். பெரியவர்களின் நடையில் புதிதாக ஏதாவது தெரிந்தால் கடிந்துகொள்ளாதீர்கள், கவனியுங்கள்.

அத்தை இப்போது குதிகால் வார் வைத்த செருப்பில் கோயிலுக்குப் போய் வருகிறார். போன வாரம் வாசலில் அதைக் கழற்றி, அடியைத் திருப்பிக் காட்டினார்.

"பார்த்துக்கொள்! தேயவே இல்லை."

அவர் மறக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.