புல்வெளியில் ஒரு பள்ளி மணி

செப்டம்பர் 1-ஆம் தேதி நீங்கள் மங்கோலியாவில் இருக்க நேர்ந்தால், சுற்றிப் பார்ப்பதை மதியத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, காலையில் ஏதாவது ஒரு பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். நாடு முழுவதும் பள்ளி திறக்கும் நாள் அது. பெண் பிள்ளைகளின் தலையில் முகத்தைவிடப் பெரிய வெள்ளை ரிப்பன் பூ. பையன்களுக்குக் கல்யாண மாப்பிள்ளை போலக் கோட்டு. கையில் ஆசிரியருக்கான பூங்கொத்து. "பக்ஷா! பக்ஷா!" என்று நாலாப் பக்கமும் குரல். 'பக்ஷ்' என்றால் ஆசிரியர். ஆசிரியரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்கவில்லை.

நான் நின்றது அர்ஹாங்காய் மாநிலத்தில் உள்ள ஒரு 'சும்' தலைமையிடத்தில். மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவுதான் சும். நாட்டில் 330 சும்கள் இருக்கின்றன. தலைமையிடம் என்றதும் பெரிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை, அரசு அலுவலகம், நாலைந்து கடைகள். நம் ஊர்த் தாமான் ஒன்றே இதைவிடப் பெரிதாக இருக்கும்.

மலேசியாவைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு நிலம். மக்களோ சுமார் 35 லட்சம் பேர்தான். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் தலைநகர் உலான்பாத்தரில் குவிந்திருக்கிறார்கள். மற்றவர்களில் ஏராளமானோர் ஆடு, மாடு, குதிரை, ஒட்டகத்தோடு மேய்ச்சலைத் தேடி ஆண்டுக்குப் பல முறை இடம் மாறுபவர்கள். வீடு நகரும், பள்ளி நகராது. அதனால் பள்ளியை ஒட்டியே விடுதி. பல பிள்ளைகளுக்கு விடுதி வாழ்க்கை ஆறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் 12 ஆண்டுப் பள்ளிப்படிப்பு அங்கே ஆறு வயதில் ஆரம்பம். நம் பிள்ளைகள் பாலர் பள்ளியில் வண்ணம் தீட்டும் வயது அது!

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு மேய்ப்பர் குடும்பத்தின் 'கெர்' வீட்டில் தங்கியிருந்தேன். மரச் சட்டத்தின்மேல் கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம். அந்த வீட்டுக் கடைக்குட்டி முதல் முறையாக விடுதிக்குக் கிளம்புகிறான். அவன் அம்மா காய்ந்த தயிர்க்கட்டியைப் பையில் கட்டிக்கொண்டே இருந்தார். அதற்கு 'ஆரூல்' என்று பெயர், பல்லுக்குச் சவால். என் வழிகாட்டி மூலமாக, "நீங்களும் கூடப் போய் இருக்கலாமே?" என்று கேட்டேன்.

அது சாதாரணக் கேள்வி இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. சும் தலைமையிடத்தில் ஒரு கெர் போட்டுக்கொண்டு, பள்ளி நடக்கும் மாதங்களில் பிள்ளையோடு தங்கும் தாய்மார்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அப்படிப் போனால், பனிக்காலத்தில் மந்தையோடு அப்பா மட்டும் தனியாக. "போன தடவை 'ட்ஸுட்' வந்தபோது இரண்டு பேர் இருந்தும் பாதி ஆடுகளைத்தான் காப்பாற்ற முடிந்தது," என்றார். புல் பனிக்கட்டிக்குள் புதைந்து கால்நடைகள் கூட்டமாகச் சாகும் கொடும் பனிக்காலம்தான் ட்ஸுட். 2023-24 பனிக்காலத்தில் மட்டும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவை மாண்டன. மந்தை போனால் குடும்பம் உலான்பாத்தரின் கூடாரக் குடியிருப்புக்குத்தான் போகவேண்டும். அங்கே பள்ளி பக்கத்திலேயே இருக்கும், ஆனால் இடம் போதாமல் பல பள்ளிகள் இரண்டு வேளை, சில மூன்று வேளையாக நடக்கின்றன. கடைசி வேளைப் பிள்ளைகள் குளிர்கால இருட்டில், நிலக்கரிப் புகைக்குள் நடந்து வீடு திரும்புகிறார்கள்.

தாத்தா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. சோஷலிச ஆட்சிக் காலத்தில் அவரும் விடுதியில் வளர்ந்தவர். 1990-களின் நெருக்கடியில்தான் எல்லாம் சரிந்தது என்றார். அப்போது விடுதியில் பிள்ளையைச் சேர்க்க வீட்டிலிருந்து இறைச்சி கொடுக்கவேண்டியிருந்ததாம். பிரித்துக்கொண்ட மந்தையை மேய்க்க ஆள் வேண்டுமே என்று பையன்களைப் படிப்பிலிருந்து நிறுத்தியவர்கள் ஏராளம். பெண் பிள்ளைகள் படித்தார்கள், பையன்கள் ஆட்டுக்குப் பின்னால் போனார்கள். நமக்குப் பழக்கமான கதை அங்கே தலைகீழ். 2000-இல் அந்த இறைச்சி விதி நீக்கப்பட்டது. இப்போது விடுதிச் சாப்பாடு அரசு செலவு.

புறப்படும்போது அம்மா அவன் தலையைப் பிடித்து உச்சி முகர்ந்தார். ஆம், முத்தம் இல்லை, முகர்தல்தான்! பிறகு கரண்டியில் பால் எடுத்து, வண்டி போகும் திசையில் வானத்தை நோக்கித் தெளித்தார்.

வகுப்பறைக்கு வருவோம். வானொலிக்காரி என்பதால் எனக்குக் காதுதான் முதலில் வேலை செய்யும். மங்கோலிய நெடுங்கணக்குக்கு 'சகான் தோல்கோய்', அதாவது 'வெள்ளைத் தலை' என்று பெயர். ரஷ்ய எழுத்துகளோடு இரண்டைச் சேர்த்து மொத்தம் 35. நமக்கு உயிர், மெய் என்றால் அவர்களுக்கு உயிரிலேயே ஆண் உயிர், பெண் உயிர். ஒரே சொல்லில் இரண்டும் கலக்கக் கூடாது. கரும்பலகையில் ஆசிரியை ஒரு சொல்லை வேண்டுமென்றே தப்பாக எழுத, வகுப்பே "ஊஹூம்!" என்று கத்தியது. பெரிய வகுப்புகளில் மேலிருந்து கீழாக எழுதும் பழைய மங்கோலிய எழுத்தையும் கற்றுக்கொள்கிறார்கள். 2025 முதல் அரசு ஆவணங்களில் இரண்டு எழுத்தும் கட்டாயம் என்பதால், பிள்ளைகளிடம் எழுத்துச் சந்தேகம் கேட்கும் அப்பாக்கள் பெருகியிருப்பதாக ஆசிரியை சிரித்தார்.

விடுதியை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அறை சுத்தம், கட்டில் வரிசை, இரவு ஆட்டிறைச்சி போட்ட நூடுல்ஸ் சூப், உப்புப் போட்ட பால் தேநீர். ஆனால் கழிப்பறை வெளியே, முற்றத்தின் கடைசியில். சனவரியில் வெப்பநிலை மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும் நாட்டில், ஆறு வயதுப் பிள்ளை நடுராத்திரியில் அங்கே நடந்து போகவேண்டும். கட்டடத்துக்குள்ளேயே கழிப்பறை கட்டும் பணி பல பள்ளிகளில் முடிந்திருக்கிறது. இங்கே இன்னும் இல்லை.

சாயங்காலம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து 'ஷகாய்' ஆடினார்கள். ஆட்டின் கணுக்கால் எலும்புதான் காய். விழும் பக்கத்தைப் பொறுத்து அது குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. நம் கடைக்குட்டிக்கு மூன்று முறை குதிரை விழுந்தது. எட்டு மணிக்கு விடுதி ஆசிரியையின் கைப்பேசி ஒலித்தது. கெர் இருக்கும் இடத்தில் சிக்னல் கிடையாது; அம்மா குன்றின்மேல் ஏறி நின்று அழைத்திருக்கிறார். காற்றுச் சத்தம் இங்கே வரை கேட்டது. சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று அவர் கேட்கக் கேட்க, இவன் "ம்", "ம்" என்றான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். வழிகாட்டி மொழிபெயர்த்தார்: "என் குதிரைக்குட்டி என்னைத் தேடுதா?"