கிரவல் ரோட்டுக்குப் போட்ட கணக்கு



பதுளையிலிருந்து உகந்தை வரை சைக்கிளில் போக யோசிக்கிறோம் என்று போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தோம். "எப்ப சேர்?", "எந்த ரோட்டால?", "பென்ஷன் எடுக்கப் போற வயசுல இது தேவையா?" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

நாங்கள் நான்கு பேர். மூவர் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். நான்காமவர் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர். முதல் தலையிடி விடுமுறையில்தான் வந்தது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை. அவருக்கு அப்போது வகுப்பு. நமக்கும் நோன்பு வாயோடு மலையேற முடியாது. கடைசியில் நால்வருக்கும் ஒத்து வந்தது ஓகஸ்ட் மாதம். வெயில் கொளுத்தும். ஆனால் கிழக்கில் மழை இராது, பாதை காய்ந்திருக்கும்.

"கிரவல் பைக்" என்று இப்போது ஒரு வகை வந்திருக்கிறது. தார் ரோட்டில் ஓடும் மெல்லிய டயர் 25 மில்லிமீற்றர் என்றால், இதற்கு 40 அளவில் வரும். காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தால் கல்லில் வழுக்காமல் பிடிக்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2006இலிருந்து 200 மைல் கிரவல் ரோட்டில் போட்டியே வைக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு பழைய லுமாலா, இரண்டு செக்கண்ட்ஹேண்ட் மவுண்டன் பைக், மச்சானிடம் இரவல் வாங்கிய ஒன்று. டயரை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

"பீக்கோ ட்ரெயிலில் போங்களேன்" என்று சிலர் சொன்னீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல, தெமோதர என்று நம் ஊவாவைச் சுற்றி நுவரெலியா போகும் 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அருமையான பாதை. மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மலையை விட்டு இறங்கும் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று ஒருமுறை பார்க்க ஆசை. ஊவா மலைப் பக்கத்தில் தொடங்கும் கும்புக்கன் ஓயா கடலைத் தொடுமுன் ஒரு சின்ன வாய்க்கால் வழியே குமண வில்லுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. சுமார் 200 ஹெக்டயர் சதுப்பு. பறவைகள் வந்து கூடு கட்டும் இடம். அதுதான் குறி.

திட்டம் இதுதான்.

முதல் நாள்: பதுளை, பசறை, அங்கிருந்து மேலே தோட்டத்துக் கிரவல் ரோட்டைச் சுற்றி இறங்கி மொனராகலை. பசறையில் 13ஆம் கட்டைப் பக்கம் 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இந்த மலையில் இறங்கும்போது பிரேக் கட்டை புதிதாக இருக்க வேண்டும், வேகப் போட்டி கூடாது என்பது எங்கள் முதல் சட்டம்.

இரண்டாம் நாள்: மொனராகலையிலிருந்து சியம்பலாண்டுவ, 35 கிலோமீற்றர் அளவு. அதன் பிறகு லாகுகலை காடு. இங்கேதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். லாகுகலை தேசிய பூங்கா சிறியது, 1554 ஹெக்டயர்தான். ஆனால் அங்குள்ள குளங்களில் வளரும் பேரு புல்லுக்காக வரட்சிக் காலத்தில் யானைகள் கூட்டமாக வரும். பிரதான வீதி அதன் ஓரமாகவே போகிறது. சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. வளைவில் யானைக்கு நாம் தெரிவதற்கும், நமக்கு யானை தெரிவதற்கும் இடையில் நேரமே இராது. பொத்துவிலில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "யானைக்கு நீங்க வாத்தியார் எண்டு தெரியாது."

எங்களில் ஒருவர் மட்டும், "லொறியில் ஏற்றினால் அது சைக்கிள் பயணமா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார். அவருடைய மனைவியிடம் விஷயம் போனதும் சம்மதித்துவிட்டார். சியம்பலாண்டுவயிலிருந்து பொத்துவில் வரை சைக்கிள்கள் பட்டா லொறியில்.

மூன்றாம் நாள்: பொத்துவில், அறுகம்பை, பாணமை, உகந்தை. பாணமைக்கு அப்பால்தான் அசல் கிரவல் ரோட்டு. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் களப்பும் சேறும். கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரை அடியார்கள் காலங்காலமாக மிதித்த வழி. குமண பூங்காவுக்குள் சைக்கிள் விடமாட்டார்கள். உகந்தையில் வைத்துவிட்டு ஜீப்பில் போய் வில்லைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலம் அதற்குள் முடிந்திருக்கும். பரவாயில்லை, தண்ணீரைப் பார்த்தால் போதும்.

ஆளுக்கு நாலு லீற்றர் தண்ணீர், ஜீவனி பக்கட், ரொட்டி, கச்சான், இரண்டு டியூப், ஒட்டுப் பெட்டி, பம். லுஹரையும் அஸரையும் பிரயாணத் தொழுகையாகச் சேர்த்துக்கொள்வோம். ஜும்ஆ பொத்துவிலில் கிடைக்கும்படி நாளைப் பார்த்திருக்கிறோம்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.

ஒத்திகைக்காக ஒரு சனிக்கிழமை ஸுபஹுக்குப் பிறகு, எங்கள் பாடசாலைக்கு மேலே உள்ள தோட்டத்து ரோட்டில் ஏறினோம். மேல் டிவிசன் வரை ஐந்து கிலோமீற்றர். ஆளுக்கு எட்டுக் கிலோ சுமை. மழைக்குக் கிரவல் எல்லாம் அடித்துப் போய், கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பாதித் தூரம் உருட்டினோம். ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. ஒரு பஞ்சர். ஒரு செயின் கழன்றது.

செயினோடு மல்லுக்கட்டும்போது மேலேயிருந்து ஒரு பையன் வந்தான். செருப்பு கையில், புத்தகப் பை முதுகில். டியூஷனுக்குப் போகிறான். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. எங்களைப் பார்த்ததும் ஆச்சரியம்.

"சேர், இந்த ரோட்டுல வேணும்னேவா வர்றீங்க?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

பிறகு எங்களோடு கொஞ்சத் தூரம் திரும்பி ஏறி, ஓடை ரோட்டை வெட்டும் இடத்தைக் காட்டினான். "மழ பேஞ்சா இதுல எறங்க ஏலாது சேர். தேயில மலையச் சுத்தித்தான் வரணும். அன்னைக்குத்தான் லேட்டாகும்."

அவன் பிந்தி வரும் பிள்ளை. எங்களுக்குத் தெரியும். கேட் அருகில் முதல் பாடம் முடியும் வரை நிற்க வைத்தவர்களில் நாங்களும் உண்டு. திங்கட்கிழமை பிந்தி வருவோர் பதிவைப் புரட்டினோம். ஒரே தவணையில் அவன் பெயர் 11 தடவை. அந்த நாட்களில் மழை பெய்ததா என்று அதில் எழுதவில்லை. எந்தப் பாதையால் வருகிறாய் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்று நாள் பயணத்துக்கு வரைபடம், தண்ணீர்க் கணக்கு, யானைக் கணக்கு எல்லாம் போட்டவர்கள் நாங்கள். அதே மாதிரி ரோட்டில் வாரத்தில் ஐந்து நாள் வரும் பிள்ளைக்கு ஒரு கணக்கும் போடவில்லை.

ரோட்டை நாங்கள் போட முடியாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் திருத்தினார்கள். அந்த ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் கேட்டு, நாங்கள் அளந்த தூரத்தையும் எடுத்த படங்களையும் வைத்துக் கடிதம் எழுதிவிட்டோம். அதிபரிடமும் பேசினோம். மேல் டிவிசன் பிள்ளைகள் மழை நாளில் நேரே வகுப்புக்குப் போகலாம். கேட்டில் நிற்கத் தேவையில்லை. இது சின்ன விஷயம். பயணம் யோசிக்காமலே செய்திருக்க வேண்டியது.

ஓகஸ்டில் முதல் நாள் காலை அந்த ரோட்டால்தான் ஏறுவோம். வழிகாட்டி யார் என்று சொல்லத் தேவையில்லை. மேல் டிவிசன் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறான். சைக்கிள் வேண்டாமாம், நடந்தே எங்களுக்கு முன்னால் போய்விடுவானாம். போவான்.

பாணமை, பொத்துவில் உறவுகளே, உகந்தை ரோட்டு இப்போது எப்படி இருக்கிறது, தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று சொல்லுங்கள். துஆ செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், போய் வந்து எழுதுகிறோம்.