உயரமில்லாத ஆறு பேருக்கு எந்த ஆட்டம்?

வொலிபோல் ஆடுகிறவர்களிடம் "எந்த சிஸ்டம் ஆடுறீங்க?" என்று கேட்டால் 4-2, 6-2, 5-1 என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். முதல் எண் அடிக்கிறவர்கள், இரண்டாவது எண் செட்டர்கள். வந்த பந்தை அடிக்கிறவருக்குத் தோதாகத் தூக்கிக் கொடுப்பவர்தான் செட்டர். டீவியில் பார்க்கிற பெரிய டீம்கள் கிட்டத்தட்ட எல்லாமே 5-1 தான். யூடியூபில் தேடினாலும் அதுதான் முதலில் வரும். ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினாறு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு கெம்பஸ் லீவு நாட்களில் வொலிபோல் பழக்குகிறோம். அங்கே இந்த எண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு கொழும்புக் கடை, காற்று, பிள்ளை பிறந்தபோது இருந்த நிறை வரைக்கும் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

கரப்பந்தாட்டம் இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. 1916இல் கொழும்பு வை.எம்.சீ.ஏ. மூலமாக வந்தது, 1991இல் தேசிய விளையாட்டு என்று அறிவித்தார்கள். தோட்டத்தில் அது நிலைத்ததற்கு எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் போதும். புட்போலுக்குத் தேவையான சமதரை மலையில் எங்கே இருக்கு? தேயிலை போட முடியாத இடம்தான் நமக்குக் கிரவுண்ட். பெரட்டுக் களத்தில் ரெண்டு கம்பு நட்டு நெட் கட்டினால் ஆட்டம் ஆரம்பம். பந்து பள்ளத்தில் விழுந்தால் கொழுந்துச் செடிக்குள் இறங்கித் தேட ஒருத்தன் வேணும், அவ்வளவுதான்.

இனி 5-1. ஒரே ஒரு செட்டர். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது தொடுகை அவனுடையது. ஒரு நல்ல செட்டர் உருவாகக் குறைஞ்சது ரெண்டு வருஷம் ஆகும். விரல் பழக வேண்டும், அதைவிட முக்கியமாக, யாருக்கு எந்த உயரத்தில் கொடுத்தால் அடிப்பான் என்பது மனசுக்குள் பதிய வேண்டும். அந்த ரெண்டு வருஷம் முடிகிற நேரத்தில் பிள்ளைக்கு ஓ.எல். முடிந்திருக்கும். அடுத்த மாதம் அவன் கொழும்பில் ஏதாவது ஒரு கடையில் நிற்பான். தீபாவளிக்கு வருவான், புதுச் சப்பாத்தோடு கிரவுண்டுக்கும் வருவான், ரெண்டு நாள் ஆடுவான், போய்விடுவான். அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் 5-1 பழகிய டீமில் அவன் போனால் மிச்ச ஐந்து பேருக்கும் ஆட்டமே போய்விடும். நான்கு பேர் மட்டும் கெட்டியாக அடிக்கத் தெரிந்து என்ன செய்ய, தூக்கித் தர ஆளில்லையே.

அதனால் எங்கள் பையன்கள் 4-2 ஆடுகிறார்கள். ரெண்டு செட்டர்கள், சுழற்சியில் எதிரெதிரே. யார் எந்த இடத்துக்கு நகர்ந்தாலும் ஒரு செட்டர் எப்போதும் முன்வரிசையில் இருப்பான். ஒருத்தன் கொழும்புக்குப் போனாலும் இன்னொருத்தன் இருப்பான். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, முன்வரிசையில் அடிக்க ரெண்டு பேர்தான். "அப்போ மூனு பேர் அடிக்கிற 5-1 தானே பெரிசு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். 5-1இலும் செட்டர் முன்வரிசைக்கு வருகிற மூன்று சுற்றிலும் ரெண்டு பேர்தான் அடிக்கிறார்கள். இதை யூடியூப் கோச்மார் அழுத்திச் சொல்வதில்லை.

6-2 கேட்க அழகாக இருக்கும். செட்டர் பின்வரிசையிலிருந்து ஓடிவந்து தூக்குவான், முன்னால் மூன்று பேரும் அடிக்கலாம். ஆனால் அவன் ஓடிவந்து சேரும் இடத்துக்குப் பந்தும் வந்து சேர வேண்டும். சரிவான தரையில், ஈரமண்ணில், எதிராளியின் சேர்வை வாங்கும் பதின்மூன்று வயசுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். போதாததற்கு, சேர்வ் அடிக்கும் நொடியில் அதை வாங்கும் டீமில் எல்லாரும் சுழற்சி வரிசைப்படி நிற்க வேண்டும். ஓடத் துடிக்கிற செட்டர் அரை அடி முந்தி நின்றால் விசில், பாயிண்ட் அவர்களுக்கு.

இதுவரைக்கும் ஆள் கணக்கு. உயரக் கணக்கு இன்னும் கஷ்டமானது.

2016இல் நாடு முழுக்க நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளைகளை அளந்தார்கள். வயசுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாட்டளவில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அன்றைக்கு அளந்த அந்த வயசுப் பிள்ளைகள்தான் இன்று எங்கள் கிரவுண்டில் நிற்கிற வயசில் இருக்கிறார்கள். இந்தக் குறை பெரும்பாலும் தாயின் வயிற்றிலும் பிறந்த முதல் ரெண்டு வருஷத்திலும் தீர்மானமாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு தாவினாலும் முழுசாகத் திரும்பி வராது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள் அல்லவா, உயரம் குறைந்த பிள்ளைக்குத் தெரிவில் நடப்பதும் அதுதான். போட்டிகளில் டவுன் பாடசாலை டீம் இறங்குவதைப் பார்த்ததுமே எங்கள் பிள்ளைகள் தலையை நிமிர்த்தி அளப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சின்ன உடம்புக்காரர்கள் தங்களுக்கேற்ற ஆட்டத்தைத் தேடிய கதைகளைத் தேடியபோது, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் ஒன்று கிடைத்தது: அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அந்த ஆட்டம்தான். 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் என்ற ஊரில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பாடசாலை ஆரம்பித்தார்கள். முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசத் தடை போட்டார்கள். பல பிள்ளைகள் அங்கேயே செத்துப்போனார்கள். அந்தப் பாடசாலை டீம், தன்னைவிட எடை கூடிய பல்கலைக்கழக டீம்களோடு மோத வேண்டியிருந்தது. நேருக்கு நேர் முட்டினால் தோல்வி நிச்சயம். 1906இல் பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் கொடுத்தது. பெரிய டீம்கள் அதைச் சீண்டாமல் இருந்தபோது, பொப் வார்னர் என்ற கோச்சின் கீழ் கார்லைல் பிள்ளைகள் அதை உண்மையான ஆயுதமாக்கினார்கள். 1907இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று வென்றார்கள். 1912இல் வெஸ்ட் பொயின்ட் இராணுவ டீமை 27-6. தங்கள் தாத்தாமாரோடு சண்டை போட்ட இராணுவம் அது. தோற்ற பக்கத்தில் ஆடியவர்களில் ஒருவர் பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர்.

அந்த பொப் வார்னரின் பெயரில் அமெரிக்காவில் இன்றும் ஒரு பெரிய சிறுவர் அமைப்பு இயங்குகிறது. அங்கே வயசோடு எடையையும் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் முறை நீண்டகாலம் இருந்தது. முட்டி மோதும் ஆட்டத்தில் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். சிறுவர் டீமுக்கு எந்தத் தாக்குதல் முறை என்ற வாதம் அவர்களுக்குள்ளும் உண்டு. டீவியில் வரும் நீண்ட எறிதல்களைப் பிள்ளைகள் ஆடத் துடிப்பார்கள், ஆனால் பத்து வயசுக் கைக்கு அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் பல கோச்மார் பந்தைக் கையில் கொடுத்து ஓடவைக்கும் பழைய முறைக்கே போகிறார்கள். நம்ம 5-1 கதையேதான்.

வொலிபோலிலேயே உதாரணம் வேணும் என்றால் ஜப்பான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வொலிபோல் முதன்முதலாகச் சேர்ந்தது. பெண்கள் தங்கத்தை சோவியத் டீமை வென்று எடுத்தது ஜப்பான். அந்த டீமில் பெரும்பாலோர் நிச்சிபோ என்ற நெசவாலையில் வேலை செய்தவர்கள். பகலில் ஆலை, பிறகு நள்ளிரவு வரை பயிற்சி. தொழிலாளிப் பெண்கள் உலகத்தை வென்ற கதை என்பதால் எங்களுக்கு அது பிடிக்கும். ஆனால் அவர்களின் கோச் டைமட்சு பழக்கிய விதத்தில் இருந்த கொடுமை பிடிக்காது. 1972 மியூனிக்கில் ஜப்பான் ஆண்கள் தங்கம் எடுத்தார்கள். மட்சுடைரா என்ற கோச் வளர்த்த வேகத் தாக்குதல்கள்தான் அதற்குக் காரணம் என்பார்கள். சரிதான், ஆனால் அந்த டீமில் நெட்டையர்களும் இருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஹைக்யூ பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இந்த வேகத் தாக்குதல், அதாவது 'குயிக்', ஏற்கெனவே தெரியும். ஹினாட்டாவின் உயரம் 162 சென்டிமீட்டர் என்பதும் மனப்பாடம். "அண்ணா, கண்ண மூடிக்கிட்டு அடிக்கிறத எப்ப பழக்குவீங்க?" என்று கேட்கிறார்கள். கண்ணைத் திறந்துகொண்டு அடிப்பதையே இன்னும் பழக்கி முடியவில்லை.

குயிக் என்றால் செட்டரின் விரல் பந்தைத் தொடும்போதே அடிக்கிறவன் காற்றில் இருக்க வேண்டும். பந்து நெட்டுக்கு மேல் ஓரடி, ரெண்டடிதான் எழும்பும். எதிரே எவ்வளவு நெட்டையன் நின்றாலும் அவன் தாவுவதற்குள் பந்து தாண்டிவிட்டால் அந்த உயரத்துக்கு வேலையில்லை. எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு: காற்று. ராகலையில் பின்னேரம் காற்று எழும்பினால், உயரத் தூக்கிய பந்து தூக்கிய இடத்தில் இறங்காது. ஓரத்துக்குத் தூக்கினால் நடுவில் விழும், நடுவில் தூக்கினால் லயத்துக் கூரையில் விழும். தாழ்வான பந்தைக் காற்றுக்கு அவ்வளவாகப் பிடிக்க முடியாது. உள்ளரங்கில் ஆடும் நாடுகள் எதிராளியை ஏமாற்றக் குயிக் ஆடுகின்றன. நாங்கள் முதலில் காற்றை ஏமாற்ற ஆடுகிறோம்.

பழக்குவது இப்படி. முதல் வாரம் பந்தே இல்லை. "ஒன்னு, ரெண்டு, தாவு" என்று எண்ணிக்கொண்டு வெறும் காலடிதான். பிறகு செட்டர் கையை உயர்த்திப் பந்தை உள்ளங்கையில் அசையாமல் வைத்திருப்பான், மற்றவன் ஓடிவந்து தாவி அந்தக் கையிலிருந்தே அடிப்பான். செட்டரின் விரலில் ரெண்டு மூன்று அடி விழும், சிரிப்பார்கள், பிறகு சரியாகும். நெட்டைக் கொஞ்சம் இறக்கித்தான் கட்டுகிறோம். மூன்றாவதாகத்தான் செட்டர் உண்மையாகத் தூக்குவான். நடுவில் ஒருத்தன் குயிக்குக்குத் தாவும்போது எதிர்ப்பக்கத்து நடு ஆளும் கூடவே தாவியே ஆக வேண்டும். அந்த நேரம் பந்தை ஓரத்துக்குத் தள்ளினால் அங்கே தடுக்க ஒற்றை ஆள்தான். 4-2இல் ரெண்டு பேர்தான் அடிக்கிறார்கள் என்ற குறையை இந்தப் பொய்த்தாவல் பாதி நிரப்பிவிடும்.

ஒரு கட்டளை மட்டும் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். முதல் பந்து நெட்டிலிருந்து ரெண்டு எட்டுக்குள் வந்தால்தான் குயிக். இல்லாவிட்டால் ஓரத்துக்கு உயரப் பந்து, காற்று விட்ட வழி. அதனால் பயிற்சியில் பாதி நேரம் பந்து வாங்குவதற்கே போகிறது. யாருக்கும் பிடிக்காத பாதி அது.

பெண்பிள்ளைகளின் டீமுக்கு நாங்கள் 4-2 கூட வைக்கவில்லை. அக்காமார்தான் அவர்களைப் பழக்குகிறார்கள், அவர்கள் சொன்ன காரணம் நேரானது: ஒரே ஆறு பேர் ரெண்டு நாள் சேர்ந்து வருவதில்லை. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்குள் தண்ணி பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும். யார் வருவார்கள் என்று தெரியாத டீமில் 'நீ செட்டர், நீ அடிக்கிறவள்' என்று பிரித்தால் ஒருத்தி வராத நாளில் எல்லாரும் சும்மா நிற்பார்கள். ஆகவே 6-6. சுழன்று முன்வரிசை நடுவுக்கு யார் வருகிறாளோ அவளே அந்த நேரத்துச் செட்டர். பயிற்சிப் புத்தகங்களில் இது ஆரம்பக்காரர்களின் முறை என்று இருக்கும். இருக்கட்டும். ஆறு பேருக்கும் செட் பண்ணத் தெரிந்த டீம் இந்தப் பக்கத்தில் அவர்களுடையது ஒன்றுதான் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம்.

ஒன்று மட்டும் எங்களுக்கு உறுத்துகிறது. மெட்ச் முடிந்ததும் வெளியாட்கள் வந்து, "ஒங்க பிள்ளைகள் சின்னதா இருந்தாலும் என்ன வேகம்!" என்று பாராட்டுவார்கள். மனசார்ந்த பாராட்டுத்தான். ஆனால் அதைக் கேட்கக் கேட்க, குட்டையாக இருப்பது எங்கள் ஊரின் இயல்பு, மலைக் காற்று போல ஒன்று, என்று ஆகிவிடுகிறது. அது இயல்பில்லை. அந்த 17க்கும் 32க்கும் இடையில் இருப்பது சம்பளமும் சாப்பாடும். குயிக் ஆடுவது அதைச் சரிக்கட்டாது. ரெண்டு பாயிண்ட் எடுத்துத் தரும், அவ்வளவுதான். போன தடவை ஒருவர் அப்படிச் சொன்னபோது எங்களில் ஒருத்தி அந்தக் கணக்கை எடுத்துச் சொன்னாள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பையன்கள் டீமின் ரெண்டு செட்டர்களில் ஒருத்தனுக்கு இந்த வருஷம் ஓ.எல். அதனால் மூன்றாவது ஒருத்தனைப் பழக்க ஆரம்பித்திருக்கிறோம், தரம் 8 படிக்கிறான். இடது கைக்காரன். செட்டர் வலது தோளை நெட்டுப் பக்கம் வைத்து நிற்பதால் இடது கை பந்துக்கு நேரே திரும்பியிருக்கும். தூக்குவது போல் எழும்பி அப்படியே அடித்துவிடலாம். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்கு அவன் சுவரில் பந்தை நூறு தடவை தட்டிப் பழகுகிறான், எண்பதுக்கு மேல் எண்ணிக்கையை விட்டுவிடுகிறான்.